கடைசியில் ஒரு வெற்று வரி

முடிச்சு என்பது நிரல் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழு. எழுதியது ஓடாமல் மாட்டிக்கொண்டவர்கள் அங்கே வந்து கேள்வி போடுவார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. இருந்தாலும் சிலர் ஆபீஸ் வேலையைவிட அதில்தான் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். அவர்களில் முதல் ஆள் பூட்டு.

பூட்டு என்பது குழுவே அவளுக்கு வைத்த பெயர். ஏற்கெனவே ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவர் வந்து கேட்டால், பழைய கேள்விக்கு வழி காட்டிவிட்டுப் புதியதைப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். பூட்டிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது. மேற்பார்வையாளர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆனால் இந்த வேலையில் அவள் வேகம் மற்ற ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போலக்கூட வராது. கேள்வி போட்டவர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பூட்டு விழுந்திருக்கும். முதலில் கேலிக்குத்தான் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் தன் கணக்கின் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேலி செய்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

குழுவின் விதிகளில் பாதி அவள் எழுதியவை. பதிலில் நன்றியுரை, சொந்தக் கதை கூடாது. பார்த்தால் யாரும் நீக்கலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினால் காரணம் சொல்ல வேண்டும், சொன்ன காரணத்தை ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது. திருத்தம் சிறியதா பெரியதா என்றும் குறிக்க வேண்டும். பெரியது என்று குறித்தால் அந்தக் கேள்வி முகப்பின் உச்சிக்கு வந்து எல்லார் கண்ணிலும் படும். இந்த ஒன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறாள், எல்லாம் சிறியது. ஊரைக் கூட்டி வேலை செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

எல்லா விதிகளுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒன்று இருக்கும். "பிரச்சினை தீர்ந்தால் எப்படித் தீர்ந்தது என்று எழுதுங்கள். 'சரியாகிவிட்டது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர், கிணற்றிலிருந்து ஏறி வந்ததும் ஏணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறவர்." இதுவும் அவள் எழுதியதுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். அப்படி எழுதிவிட்டுப் போன எத்தனையோ பேரைத் துரத்திப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, விடையை வாங்காமல் விட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, துணி துவைக்கும் இயந்திரம் குளியலறையில் தடதடத்துக்கொண்டிருந்தபோது, ஊசி என்ற பெயரில் புது ஆள் ஒருவர் ஒரு கேள்வி போட்டார். பட்டியலை அச்சிடும் நிரலில் சில நாள் மட்டும் கடைசி வரி காணாமல் போகிறது, மற்ற நாளில் ஒழுங்காக வருகிறது, ஏன்? பூட்டு முதல் இரண்டு வரியைப் படித்தாள். இதேபோன்ற பழைய கேள்வி என்று குழுவின் தேடல் தானாகவே ஒன்றை எடுத்துக் காட்டியது. தலைப்பு அச்சாகப் பொருந்தியது. அதைத் திறந்து பார்க்காமலே வழி காட்டிவிட்டு, பூட்டிவிட்டு, துணி காயப்போட எழுந்து போனாள். மொத்தம் நாற்பது வினாடி ஆகியிருக்கும்.

வாளியோடு திரும்பி வந்தபோது முறையீட்டுப் பக்கத்தில் ஊசியின் கடிதம் காத்திருந்தது.

"பூட்டு அக்காவுக்கு. நான் நிரல் எழுதுகிறவள் இல்லை, நர்ஸ். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை. இங்கே இந்த நிரலை எழுதியவர் போய்விட்டார், நானாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் காட்டிய பழைய கேள்வியைத் திறந்தேன். அதே நிரல்பகுதி, அதே பிரச்சினை. ஆனால் பதில் இல்லை. கேட்டவரே நாலு நாள் கழித்து வந்து 'சரியாகிவிட்டது. நன்றி.' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவரைத் தேடிப் பிடிக்க முடியுமா? திங்கள்கிழமை முதல் எனக்குப் பிரசவ விடுப்பு. அதற்குள் இது சரியாக வேண்டும்."

கீழே ஏன் என்றும் எழுதியிருந்தாள். யார் யாரை வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும் என்ற பட்டியல் தினமும் விடிவதற்குள் வேன் ஓட்டுநர்களுக்குப் போகும். கிட்டத்தில் இருப்பவர் முதலில், தூரத்தில் இருப்பவர் கடைசியில். ஆகவே கடைசி வரி எப்போதும் ஒரே ஆள்தான், நகரத்தின் எல்லையில் தனியாக இருக்கும் ஒரு தையல்காரர். அவர் ஐந்தரை மணிக்கே பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வேன் வராவிட்டால் யாரையும் போனில் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். இன்றைக்கு நம் முறை இல்லை போலிருக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துவிடுவார். மூன்று முறை அப்படி ஆகிவிட்டது. மூன்றாவது முறை நுரையீரலில் நீர் கோத்து ஆம்புலன்ஸில் வந்தார். அதிலிருந்து ஊசி தினமும் காலையில் பட்டியலை விரல் விட்டு எண்ணுகிறாள். அவள் விடுப்பில் போனால் எண்ணுவதற்கு ஆள் இல்லை. சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், நாலாம் நாள் மறந்துவிடுவார்கள்.

பூட்டுக்கு முதலில் வந்தது கோபம். எவனோ ஏணியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவனை ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் பழைய கேள்வியைத் திறந்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய கேள்வி. ஹோட்டல் ஒன்றில் சுத்தம் செய்ய வேண்டிய அறைகளின் பட்டியல், சில நாள் கடைசி அறை விட்டுப்போகிறது. கேட்டவர் பெயர் மின்மினி77. கடைசியில் இரண்டே வார்த்தை, இரண்டு முற்றுப்புள்ளி.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அந்த மின்மினி வேறு யாருமில்லை, அவளேதான்.

முதல் வேலையில் சேர்ந்த புதிதில் வைத்துக்கொண்ட பெயர் அது. ஒன்பது வருடத்துக்கு முன்பு குழுவுக்குத் திரும்பி வந்தபோது, பழைய கடவுச்சொல் மறந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புதுக் கணக்குத் தொடங்கினாள். உண்மையில் மறந்துதான் போயிருந்தது. ஞாபகப்படுத்திக்கொள்ள அவள் மெனக்கெடவில்லை என்பதும் உண்மை.

மேற்பார்வையாளருக்கு எந்தக் கேள்வியையும் அழிக்கும் உரிமை உண்டு. அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். உறுதியாகவா என்று திரை கேட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்றாள். நேர்மையால் அல்ல. ஊசி ஏற்கெனவே படித்துவிட்டாள், அழித்தால் ஏன் என்று கேட்பாள்.

பிறகு செய்தது சரியான காரியம். பூட்டைத் திறந்துவிட்டு, பட்டியலையும் நிரலையும் தனக்கு அனுப்பச் சொல்லி ஊசிக்கு எழுதினாள். மின்மினி77 கிடைக்க மாட்டார் என்றும் ஒரு வரி சேர்த்தாள்.

விடை ஏன் அவளுக்கு ஞாபகம் இல்லை என்றால், அது அவள் கண்டுபிடித்த விடையே இல்லை.

அந்தக் காலத்தில் பக்கத்து மேஜையில் இருந்தவனை ஆபீஸில் கொக்கு என்று கூப்பிடுவார்கள். நெட்டையாக இருப்பான், ஒரு பிழை கிடைத்தால் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்பான். ஹோட்டல் பட்டியலோடு அவள் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, ஒரு மத்தியானம் அவன் வந்து அவள் திரைக்கு முன்னால் நின்றான். தேநீர் ஆறும்வரை நின்றான். பிறகு குனிந்து ஏதோ இரண்டு வரி தட்டிவிட்டு, இனிமேல் விழாது என்றான். ஏன் என்றும் சொன்னான். அவளுக்கிருந்த சந்தோஷத்தில் அது காதில் ஏறவில்லை.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர், ஹோட்டல்காரர் மனம் குளிர்ந்துபோனதைச் சொல்லி, அவளைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார். ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். கொக்கு மேஜையின் மறுகோடியில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் முதலில் சொல்லட்டும் என்று அவள் பார்த்தாள். அவள் சொல்வாள் என்று அவன் பார்த்தானோ என்னவோ, தேநீர்க் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அன்று மாலை குழுவில் விடையை எழுதப் போனவள் கையை எடுத்துவிட்டாள். எழுதினால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். மேலாளரும் அந்தக் குழுவைப் படிப்பவர். ஆகவே இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து இரண்டு மேஜைக்கு ஒரு மேஜை போதும் என்று கம்பெனி முடிவு செய்தது. பட்டியலைத் தீர்த்த பெண்ணை எப்படி அனுப்புவது என்று மேலாளர் சொன்னாராம். கொக்கு ஒரு அட்டைப்பெட்டியில் சாமான்களை எடுத்துக்கொண்டு போனான். வரேன் என்று மட்டும் சொன்னான்.

இப்போது அவள் ஒரு டயர் கம்பெனியின் கிடங்கு நிரலைக் கட்டி மேய்க்கிறாள். அனுபவம் கூடியிருக்கிறது. கொக்கு இல்லாமலே இதைத் தீர்த்துவிட முடியும் என்று அன்று காலை அவள் உறுதியாக நம்பினாள். ஊசியிடமிருந்து நிரலும் பட்டியலும் வந்தன. நோயாளிகளின் பெயரையும் முகவரியையும் வெளியே தரக் கூடாது என்பதால் நோயாளி 1, நோயாளி 2 என்று மாற்றி அனுப்பியிருந்தாள். பொறுப்பான பெண். பூட்டு ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேரும் வந்தார்கள். இருபது தடவை ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் நாற்பத்திரண்டு. பட்டியலைப் படிக்க ஹோட்டலிலும் இங்கேயும் விலைக்கு வாங்கிச் சேர்த்திருந்த ஆயத்த நிரல்பகுதி அது; அதை விற்ற கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வழியில்லை. வரிசையை மாற்றிப் பார்த்தாள், தேதியை மாற்றிப் பார்த்தாள், கடிகாரத்தைக்கூட மாற்றிப் பார்த்தாள். விழ வேண்டியது விழுந்து தொலைத்தால்தானே ஏன் என்று பார்க்கலாம்.

மத்தியானம் ஊசி எழுதினாள். "உங்ககிட்ட ஒழுங்கா வருதா அக்கா? இங்க இன்னிக்குக் காலையிலயும் விழுந்துச்சு. நான்தான் ஓட்டுநருக்குப் போன் பண்ணி அவரைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து சாப்பிட வந்த கணவர், தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். உலகத்தில் உள்ள குழாயெல்லாம் அடைக்கிறாள், வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் கடைக்குத் திரும்பியதும் கைப்பேசியை எடுத்தாள். பக்கத்து மேஜை என்ற பெயரில் அவன் எண் இருந்தது. நாலு கைப்பேசி மாறியும் அந்த எண்ணை அவள் ஒவ்வொன்றுக்கும் கொண்டுவந்திருந்தாள். ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது.

"கொக்கு, நான்தான்."

"தெரியுது, பேர் வந்துச்சு. லிஃப்ட் மேல நிக்கிறேன், சொல்லு."

அவன் இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். நலமா என்று கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்கும் தகுதி தனக்கு உண்டா என்று தோன்றவே, நேராக விஷயத்துக்கு வந்தாள். நர்ஸ், வேன், தையல்காரர், கடைசி வரி எல்லாம் சொன்னாள். இருபது தடவை ஓட்டியும் தன்னிடம் விழ மாட்டேன் என்கிறது என்றாள். மறுமுனையில் ஸ்பானர் ஒன்றை எதன்மேலோ வைக்கும் சத்தம் கேட்டது.

"பட்டியலை அப்படியே அனுப்பினாங்களா, இல்ல பேரை மாத்தியா?"

"பேரை மாத்தி. நோயாளி ஒண்ணு, ரெண்டுன்னு."

"அதான் விழல. நீளம் மாறிப்போச்சு." அவன் குரலில் பழைய கொக்கு எட்டிப்பார்த்தான். "அது பட்டியலைப் பெட்டி பெட்டியா அள்ளிப் படிக்கும். ஒரு பெட்டிக்கு இத்தனை எழுத்துன்னு கணக்கு. பட்டியல் முடியிற இடமும் பெட்டி நிறையிற இடமும் சரியா ஒண்ணா அமைஞ்சா, இன்னும் வரும்னு காத்துக்கிட்டே இருந்துட்டு, கையில இருக்கிற கடைசி வரியைக் கீழ போட்டுடும். எல்லா நாளும் அமையாது. அமையிற அன்னிக்கு விழும்."

"நீ அன்னிக்கு என்ன பண்ணின?"

"கடைசியில ஒரு வெத்து வரி சேர்த்தேன். விழுறதா இருந்தா அது விழட்டும். மனுஷன் விழ வேணாம்."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை, இருந்தாலும் எழுதினாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஒரு வரியை அன்று மாலை எழுதியிருந்தால், தையல்காரர் பையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

"அன்னிக்கு மீட்டிங்ல..." என்று தொடங்கினாள்.

"அதுக்கா போன் பண்ணின?"

"இதுக்குத்தான் பண்ணினேன். அது பதினோரு வருஷமா பண்ண வேண்டியது. நான் வாயைத் திறந்திருக்கணும், கொக்கு. தப்பு என்னோடது."

கீழே யாரோ எவ்வளவு நேரம் ஆகும் என்று கத்திக் கேட்டார்கள். பத்து நிமிடம் என்று கொக்கு கத்தினான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்.

"ஆமா. தப்புதான். நீ சொல்லுவேன்னு நான் அந்த வாரம் பூரா பார்த்தேன்."

பரவாயில்லை, போகட்டும் என்று அவன் சொல்வான் என்று தன் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்திருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. விடையை அவன் பெயரிலேயே குழுவில் எழுதிவிடுவதாகச் சொன்னாள்.

"என் பேரைப் போடாத. போட்டா நாளைக்கு நாலு பேரு சந்தேகம் கேப்பான், எனக்கு இங்க லிஃப்ட் பார்க்கணும். அந்தத் தொழிலே எனக்கு வேணாம்." ஸ்பானரை மறுபடி எடுக்கும் சத்தம் கேட்டது. "ஆனா உன் பேரையும் போடாத."

சரி என்றாள். வெச்சுடறேன் என்று வைத்துவிட்டான்.

ஊசிக்கு எழுதினாள். உண்மையான பெயர்கள் உள்ள இன்று காலைப் பட்டியலின் கடைசியில் ஒரு வெற்று வரி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. "வந்துடுச்சு அக்கா. நாப்பத்திரண்டு. கடைசியில அவர் பேரு இருக்கு." நிரலே தினமும் அந்த வெற்று வரியைத் தானாகச் சேர்க்கும்படி இரண்டு வரி எழுதி அனுப்பினாள். காரணத்தையும் விளக்கி, விடையை ஊசியே அவளுடைய கேள்வியின் கீழ் எழுதிவிட வேண்டும், யார் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் குழுவைத் திறக்கவே இல்லை. ஒன்பது வருடத்தில் அது முதல் தடவை.

திங்கள்கிழமை ஆபீஸில் திறந்தபோது அந்தக் கேள்விக்கு அறுபத்து மூன்று வாக்கு விழுந்திருந்தது. ஊசி அழகாக எழுதியிருந்தாள். பெட்டிக் கணக்கு யாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. ஆனால் கடைசி வரி இப்படி இருந்தது: "இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பூட்டு அக்கா. பெயர் போட வேண்டாம் என்றார், மனசு கேட்கவில்லை. நிம்மதியாக விடுப்பில் போகிறேன்." அதன் கீழே ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். மூடப்பட்ட கம்பெனியின் நிரலுக்குள் இருக்கும் பிழையை வெளியிலிருந்தே பிடித்த மூளை சாதாரண மூளையா என்று ஒருவர். பூட்டு பூட்டவும் செய்வார், திறக்கவும் செய்வார் என்று இன்னொருவர்.

ஊசிக்கு எழுதலாம் என்றால் அவள் நேற்றோடு கணினியை மூடிவிட்டுப் போய்விட்டாள். பூட்டு அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையும் சும்மா இருந்தாள். அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பும் அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்னும் நாலு நாள் பொறுத்தால் கேள்வி கீழே இறங்கிவிடும். வாக்கு தொண்ணூறைத் தாண்டியபோது மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

செவ்வாய் மாலை கணவர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்துவிட்டுப் பூரித்துப்போனார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்த ஹோட்டல் பட்டியலைத் தீர்த்தியே, அதே மாதிரி இருக்கே."

"அது நான் இல்லைங்க."

"எது?"

"ஹோட்டல் பட்டியல். பக்கத்து மேஜைக்காரன் தீர்த்தது. இதுவும் அவன்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரர் சட்டையில் துடைக்க மாட்டார்; யாராவது துடைத்தால் திட்டுவார். துடைத்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பெண் பார்க்க வந்த அன்னிக்கு எங்க அக்காகிட்ட அதைத்தான் சொன்னேன். பெரியப்பாகிட்ட சொன்னேன். கடைக்கு வர்றவங்ககிட்டகூடச் சொல்லியிருக்கேன்." அவர் குரலில் கோபம் இல்லை. எத்தனை பேரிடம் போய்த் திருத்த வேண்டும் என்று மலைத்தவர்போல நின்றார். பிறகு குழாயைப் பார்க்கிறேன் என்று குறடை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அவள் அப்படியே உட்கார்ந்து எழுதினாள். ஊசியின் பதிலுக்குக் கீழே, இதைக் கண்டுபிடித்தது தான் இல்லை, மின்மினி77 என்பது தானே என்று தொடங்கி, கூட்டம், தேநீர்க் கோப்பை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் எழுதினாள். அவன் பெயரை மட்டும் எழுதவில்லை. பதிந்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். உடம்பே லேசானது போலிருந்தது.

ஒன்பதாவது நிமிடம் அது காணாமல் போயிருந்தது.

நீக்கியவர் இன்னொரு மேற்பார்வையாளர், சுத்தியல் என்று பெயர் வைத்துக்கொண்டவர். "கேள்விக்குத் தொடர்பில்லாத சொந்தக் கதை. நீக்கப்பட்டது" என்று அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. தனியாக அவளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். "நீங்களே எழுதிய விதி, கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதல் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. இவ்வளவு தன்னடக்கம் ஆகாது, பூட்டு. பாராட்டினால் வாங்கிக்கொள்ளப் பழகுங்கள்."

அவள் சிரித்துவிட்டாள். நாற்பது வினாடியில் பூட்டுகிறவளுக்கு இரண்டு வரியோடு நிறுத்துகிறவர் வாய்த்திருக்கிறார். சுத்தியலுக்கு விளக்கி எழுதலாம். அவர் வருத்தம் தெரிவிப்பார். அது இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். அதைத்தான் அவள் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஊசியின் பதிலைத் திருத்துவதற்குத் திறந்தாள். பெட்டிக் கணக்கைத் தொடவில்லை. கடைசி வரியை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடம் காலியாக நின்றது. அவன் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை, அவன் கேட்டது அதுதான்.

திருத்தியதற்கான காரணம் என்ன என்று கட்டம் கேட்டது. நூறு எழுத்துக்குமேல் ஏற்காது. வளவளவென்று எழுதுகிறார்கள் என்று அந்த அளவை வைத்ததும் அவள்தான். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் நீண்டுபோய்விட்டது. நாலாவது தடவை அடங்கியது.

"பெயர் தவறு. கண்டுபிடித்தது பக்கத்து மேஜை. பதினோரு வருடம் மறைத்த மின்மினி77 நான்."

கீழே இரண்டு வட்டங்கள் இருந்தன. சிறிய திருத்தம் என்பதில் வழக்கம்போலப் புள்ளி தானாகவே விழுந்திருந்தது. சமையலறையில் குழாய் ஒழுகும் சத்தம் நின்றிருந்தது. அவள் புள்ளியைப் பெரிய திருத்தத்துக்கு நகர்த்திவிட்டுப் பதிந்தாள்.